புது பிக்கப் நின்ற இடத்திலேயே நடுங்குகிறதா? எது இயல்பு, எது கோளாறு?

சாவி கைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பிளாஸ்டிக் உறையின் வாசம் இன்னும் போகவில்லை. சிவப்பு விளக்கில் வண்டி நிற்கிறது. ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம், இருக்கையில் ஒரு அதிர்வு, ரியர்வியூ கண்ணாடியில் பின்னால் நிற்கும் காரின் உருவம் லேசாகக் கலங்குகிறது. காலை எடுத்து ஆக்சிலேட்டரைத் தொட்டதும் எல்லாம் அடங்கிவிடுகிறது.

மலேசியாவில் புதிதாக பிக்கப் வாங்கும் பலருக்கு வரும் முதல் சந்தேகம் இதுதான். சர்வீஸ் சென்டரில் கேட்டால், "டீசல் வண்டி பாஸ், அப்படித்தான் இருக்கும்" என்ற பதில் வரும். பெரும்பாலும் அது உண்மை. ஆனால் எப்போதும் அல்ல. ஒரு லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும் வண்டி, 9 ஆண்டு வரை நீளும் கடன். "அப்படித்தான் இருக்கும்" என்பதை அப்படியே ஏற்றுக்கொள்வதா, இல்லை விடாமல் கேட்பதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு அந்த நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

சுருக்கமாக:

• ஊசி அசையாமல் நிற்க, அதிர்வு மட்டும் ஒரே சீராக இருந்தால் அது பெரும்பாலும் இயல்பு.
• அதிர்வு விட்டு விட்டு வந்தால், ஆர்பிஎம் ஏறி இறங்கினால், எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அது கோளாறு.
• நேற்று இல்லாத அதிர்வு இன்று வந்திருந்தால், சிறியதாக இருந்தாலும் காட்ட வேண்டும்.
• எதுவாக இருந்தாலும் முதல் மாதத்திலேயே எழுத்தில் பதிவு செய்யுங்கள். தாமதித்தால் உரிமை குறையும்.

இன்ஜின் ஏன் நடுங்குகிறது?

இன்ஜின் ஒரே சீராகத் தள்ளும் இயந்திரம் அல்ல. அது அடுத்தடுத்து வெடிக்கும் சிறு வெடிப்புகளின் தொடர். ஹைலக்ஸ் 2.4, 2.8, டி-மேக்ஸ் 1.9, 3.0, டிரைட்டன் 2.4, ரேஞ்சர் 2.0 என்று நம் சாலைகளில் அதிகம் தெரியும் பிக்கப்களில் இருப்பது நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். அப்படியென்றால் நான்கும் சேர்ந்து ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐடிலில், அதாவது வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும் நிலையில், ஆர்பிஎம் 750 என்று வைத்துக்கொள்வோம். 60-ஆல் வகுத்தால் நொடிக்கு 12.5 சுற்று. அதை இரண்டால் பெருக்கினால் நொடிக்கு 25 வெடிப்பு, அதாவது 25 ஹெர்ட்ஸ். மனிதக் காது ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் கேட்கத் தொடங்கும். ஆகவே 25 என்பது காதுக்கு மெல்லிய உறுமல். கைக்கும் முதுகுக்கும் தெளிவான நடுக்கம்.

இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. வரிசையாக நிற்கும் நான்கு சிலிண்டரில் இரண்டு பிஸ்டன் மேலே போகும்போது இரண்டு கீழே வரும். ஒன்றின் விசையை மற்றது முழுதாக ஈடுகட்டுவதுபோல் தெரியும். உண்மையில் அப்படி ஈடாவதில்லை. பிஸ்டனை இணைக்கும் தண்டு சாய்ந்து சாய்ந்து அசைவதால் மேல் பாதியில் பிஸ்டன் போகும் வேகமும் கீழ் பாதியில் போகும் வேகமும் ஒன்றாக இருக்காது. அந்தச் சிறு வித்தியாசம் சுற்றுக்கு இரண்டு முறை இன்ஜினை மேலும் கீழும் தள்ளுகிறது.

இதைச் சமாளிக்க ஒரு வழியை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரிட்டிஷ் பொறியாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர் கண்டுபிடித்தார். கிராங்க் தண்டைவிட இரண்டு மடங்கு வேகத்தில், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றும் இரண்டு சமன்படுத்தும் தண்டுகள். 1970-களில் மிட்சுபிஷி இதைச் செம்மைப்படுத்தி 'சைலன்ட் ஷாஃப்ட்' என்ற பெயரில் தன் கார்களில் வைத்தது. ஆனால் இந்தத் தண்டுகள் பிஸ்டனின் மேல் கீழ் விசையைத்தான் முக்கியமாகக் குறைக்கும். ஐடிலில் நம் கைக்கு வரும் நடுக்கத்தில் பெரும்பங்கு வெடிப்பின் துடிப்பு. அது மிச்சம் இருக்கத்தான் செய்யும்.

டீசலுக்கு மட்டும் ஏன் அதிகம்?

"என் மைவி இப்படி ஆடலையே?" என்று கேட்பது நியாயமான கேள்வி. அதுவும் நான்கு சிலிண்டர்தான். வித்தியாசம் மூன்று இடத்தில் இருக்கிறது.

முதலாவது, காற்று. பெட்ரோல் இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது அதன் காற்றுவழி கிட்டத்தட்ட மூடியிருக்கும். உள்ளே போகும் காற்று கொஞ்சம்தான். அதை அழுத்த பெரிய விசை தேவையில்லை. டீசலில் காற்றுவழி சாதாரணமாகத் திறந்தே இருக்கும். வேகத்தைக் கட்டுப்படுத்துவது எரிபொருளின் அளவு மட்டும்தான். அதனால் ஐடிலில்கூட சிலிண்டர் நிறையக் காற்றை இழுத்து, அதை அழுத்தி, மறுபடி விட வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, அழுத்தம். பெட்ரோல் இன்ஜின்கள் காற்றைப் பொதுவாக 10 முதல் 12 மடங்கு வரை அழுத்தும். இன்றைய பிக்கப் டீசல்கள் 15 முதல் 17 மடங்கு வரை அழுத்தும். ஸ்பார்க் பிளக் இல்லாமல் அந்தச் சூட்டிலேயே டீசல் பற்ற வேண்டும். பற்றும்போது அடியும் பலமாக விழும்.

மூன்றாவது, முறுக்குவிசை. மைவி 1.5-இன் அதிகபட்ச முறுக்குவிசை சுமார் 137 நியூட்டன் மீட்டர். டி-மேக்ஸ் 3.0-க்கு 450. ரேஞ்சர் 2.0 பை-டர்போவுக்கும் ஹைலக்ஸ் 2.8 ஆட்டோவுக்கும் 500. அவ்வளவு விசையைத் தாங்குவதற்கு இன்ஜினைப் பிடித்திருக்கும் ரப்பர் மவுண்டிங்குகள் கெட்டியாக இருக்க வேண்டும். கெட்டியான ரப்பர் அதிர்வை அப்படியே கடத்தும்.

இங்கேதான் தயாரிப்பாளருக்கும் ஓட்டுபவருக்கும் இடையே ஒரு பேரம் நடக்கிறது. ரப்பரை மிருதுவாக்கினால் சிவப்பு விளக்கில் வண்டி அமைதியாக நிற்கும். ஆனால் கேமரன் மலை ஏற்றத்தில் காய்கறி மூட்டைகளோடு ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் ஒரு பக்கம் சாயும். கெட்டியாக்கினால் ஏற்றத்தில் பிரச்சினை இல்லை; சிவப்பு விளக்கில் கை நடுங்கும். உள்ளே திரவம் நிரப்பிய மவுண்டிங்குகள் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம் மட்டுமே.

ஆக்சிலேட்டரைத் தொட்டதும் ஏன் நின்றுவிடுகிறது?

"கொஞ்சம் மிதிச்சா சரியாகுதே, அப்போ இன்ஜின்ல ஏதோ குறைதானே?" என்று பலர் நினைக்கிறார்கள். இது பெரும்பாலும் குறை அல்ல, இயற்பியல்.

ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கென்று ஓர் ஆட்ட வேகம் உண்டு. ஊஞ்சலை அதன் தாளத்தில் தள்ளினால் உயரமாகப் போகும். தாளம் தப்பித் தள்ளினால் போகாது. ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கும் இன்ஜினுக்கும் அப்படி ஒரு தாளம் இருக்கிறது. ஸ்டியரிங்குக்கும், இருக்கைக்கும், கண்ணாடிக்கும் தனித்தனித் தாளங்கள் உண்டு. வெடிப்பின் வேகம் அவற்றில் ஒன்றோடு ஒத்துப்போனால் அந்தப் பாகம் மட்டும் அதிகமாக ஆடும்.

ரப்பர் மவுண்டிங் அதிர்வைத் தடுக்கத் தொடங்குவது, வெடிப்பின் வேகம் அந்தத் தாளத்தைவிட ஏறக்குறைய 1.4 மடங்கைத் தாண்டிய பிறகுதான். அதற்குக் கீழே அது தடுக்காது, சில சமயம் பெருக்கவும் செய்யும். இன்ஜின் ஓடும் வேகங்களிலேயே மிகக் குறைந்தது ஐடில். ஆகவே மவுண்டிங்குக்கு மிகக் கடினமான பரீட்சையும் அதுதான். 750-இல் 25 ஹெர்ட்ஸ். 1,000 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால் 33 ஹெர்ட்ஸைத் தாண்டிவிடும், தாளம் விலகிவிடும், நடுக்கம் அடங்கிவிடும்.

சில நேரங்களில் சர்வீஸ் சென்டரில் மென்பொருளைப் புதுப்பித்து ஐடிலை 50 ஆர்பிஎம் உயர்த்துவார்கள். "இதுக்குப் போய் சாஃப்ட்வேரா?" என்று தோன்றும். ஆனால் 750 என்பது 800 ஆனால் வெடிப்பு 25-இலிருந்து 26.7 ஹெர்ட்ஸுக்குப் போகிறது. ஸ்டியரிங்கின் தாளத்திலிருந்து தப்பிக்கச் சில வண்டிகளில் அவ்வளவே போதும்.

இயல்பான அதிர்வு எப்படி இருக்கும்?

கீழே உள்ளவை புது வண்டியிலும் வரலாம். தனியாக வந்தால் பயப்பட வேண்டாம்.

காலையில் முதல் ஸ்டார்ட். நம் ஊர் வெயிலிலும் இரவு முழுக்க நின்ற இன்ஜினில் எண்ணெய் சற்றுக் கெட்டியாகவே இருக்கும். முதல் சில நிமிடம் ஆர்பிஎம் உயர்ந்தும் சத்தம் கூடியும் இருந்து, பிறகு இறங்கும்.

பிரேக்கில் கால், கியர் டி-யில். ஆட்டோ கியரில் இன்ஜின் வண்டியை முன்னே தள்ளப் பார்க்கிறது, பிரேக் பிடித்து நிறுத்துகிறது. அந்த இழுபறியில் இன்ஜின் ஒரு பக்கமாகச் சாய்ந்து மவுண்டிங்கை அழுத்தும். என்-க்கு மாற்றியதும் நடுக்கம் குறைந்தால் இதுதான் காரணம்.

ஏர்கோன். கம்ப்ரெஸர் சேரும்போது இன்ஜினுக்கு ஒரு சுமை. மத்தியான வெயிலில் அது சேர்ந்து சேர்ந்து விலகும்போது ஒரு சின்ன குலுக்கல் வரும். கணினி உடனே எரிபொருளைக் கூட்டிச் சமன் செய்யும். அந்தக் குலுக்கல் ஓரிரு நொடியில் அடங்க வேண்டும்.

டிபிஎஃப் சுத்தம். புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உள்ள டீசல் வண்டிகளில், சேர்ந்த கரியை அவ்வப்போது எரித்துச் சுத்தம் செய்யும் வேலை தானாக நடக்கும். அப்போது ஐடில் சற்று உயரும், சத்தம் மாறும், விசிறி பலமாகச் சுற்றும், சூடான வாசம் வரும். முடியும்வரை வண்டியை அணைக்காமல் ஓட்டுவது நல்லது. இது உங்கள் வண்டியில் எப்படி நடக்கும் என்பது கையேட்டில் இருக்கும்.

இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. காரணத்தை விலக்கினால் அதிர்வும் விலகும். அடுத்த நாளும் அதே நிலையில் அதே அளவுதான் வரும்.

எது கோளாறு?

புது வண்டியிலும் குறை வரும். தொழிற்சாலையில் ஒரு போல்ட் சரியாக உட்காராமல் போகலாம். கப்பலிலும் லோரியிலும் வந்த வழியில் ஏதாவது இடம் மாறலாம். அதிகம் பார்க்கப்படும் காரணங்கள் இவை:

1. மவுண்டிங். பிக்கப்பில் பெரும்பாலும் இன்ஜினின் இரு பக்கமும் ஒவ்வொன்று, கியர்பாக்ஸின் கீழ் ஒன்று. ஒன்றின் போல்ட் தளர்ந்தாலோ, ஒன்று கோணலாக முறுக்கப்பட்டு உட்கார்ந்தாலோ மற்ற இரண்டும் வேலையைச் செய்யாது. ஸ்டார்ட் செய்யும்போதும் அணைக்கும்போதும் 'டொம்' என்று ஒரு அடி கேட்கும்.

2. தொடக்கூடாதது தொடுவது. சைலன்சர் குழாய், ஏர்கோன் குழாய், ஒயர் கட்டு, ஏதாவது ஒன்று சட்டகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் ரப்பர் மவுண்டிங்கைச் சுற்றிக்கொண்டு அதிர்வு நேராக உள்ளே வரும். வண்டி எடுத்த பிறகு மாட்டிய புல்பார், அடித்தகடு, பக்கப்படி ஆகியவற்றை முதலில் சந்தேகப்படுங்கள்.

3. காற்றுக் கசிவு. டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக வரும் குழாயின் கிளாம்ப் தளர்ந்திருந்தால் ஐடில் நிலையில்லாமல் போகலாம். மிதித்தால் இழுவையும் குறையும்.

4. எரிபொருள். டீசலில் தண்ணீர் கலந்தால் இன்ஜின் தடுமாறும். டேஷ்போர்டில் அதற்கென்று எச்சரிக்கை விளக்கு உண்டு. அது எரிந்தால் ஓட்டாதீர்கள். அதிக அழுத்தத்தில் வேலை செய்யும் பம்ப், இன்ஜெக்டர் இரண்டும் விலை உயர்ந்தவை.

5. ஒரு சிலிண்டர் மட்டும் பலவீனம். இன்ஜெக்டர் ஒன்று மற்ற மூன்றைப்போல் எரிபொருள் கொடுக்காவிட்டால், நான்கு அடியில் ஓர் அடி மெலிந்து விழும். இதை 'நொண்டுது' என்று மெக்கானிக் சொல்வார். சரியான சொல் அதுதான்.

6. சுற்றும் பாகத்தில் எடைச் சமன் இல்லாமை. கிராங்க் புல்லி, ஃபிளைவீல், ஆட்டோ கியரின் டார்க் கன்வர்ட்டர் ஆகியவற்றில் ஒன்று. இது அரிது. ஆனால் ஆர்பிஎம் ஏற ஏற அதிர்வும் ஏறும் என்பதால் அடையாளம் காண்பது எளிது.

உடனே வண்டியை நிறுத்த வேண்டிய அறிகுறிகள்: இன்ஜின் விளக்கு மின்னுவது, எண்ணெய் அழுத்த விளக்கு எரிவது, வெப்பமானி ஏறுவது, உலோகம் தட்டும் சத்தம், ஐடிலில் இன்ஜின் அணைந்துபோவது. இவற்றில் எது வந்தாலும் ஓட்டிக்கொண்டு போய்க் காட்டாதீர்கள். இழுவை லோரியை அழையுங்கள்.

15 நிமிடச் சோதனை

சர்வீஸ் சென்டருக்குப் போகும் முன் நீங்களே செய்யக்கூடியது இது. திறந்த வெளியில், சமதளத்தில் செய்யுங்கள். மூடிய கராஜில் வேண்டாம், புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஆபத்து. ஹேண்ட்பிரேக் இழுத்து, பிரேக்கில் காலை அழுத்தி வையுங்கள். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது.

முதலில் இன்ஜின் சூடாகட்டும். பிறகு ஏர்கோனை அணைத்து, கியர் பி-யில் வைத்து ஆர்பிஎம்மைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊசி நிலையாக நிற்கிறதா, ஊசலாடுகிறதா? அடுத்து என், டி, ஆர் என்று ஒவ்வொன்றிலும் பத்து நொடி. எதில் அதிகம்? அதன்பின் ஏர்கோனைப் போட்டு அதையே திரும்பச் செய்யுங்கள். கடைசியாக மறுபடி பி-யில் வைத்து, மெதுவாக 1,000, 1,500, 2,000 என்று ஏற்றுங்கள். அதிர்வு குறைகிறதா, கூடுகிறதா, ஒரு இடத்தில் மட்டும் வருகிறதா?

இதையெல்லாம் கைப்பேசியில் வீடியோ எடுங்கள், ஆர்பிஎம் மீட்டர் தெரியும்படி. சர்வீஸ் சென்டரில் "நாங்க பார்த்தப்போ ஒண்ணும் இல்லையே" என்று சொன்னால் அப்போது இது கைகொடுக்கும்.

கைப்பேசியே கருவி

உங்கள் கைப்பேசிக்குள் அசைவை அளக்கும் சென்சார் ஏற்கெனவே இருக்கிறது. ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி அதைப் பயன்படுத்தி அதிர்வின் வேகத்தை வரைபடமாகக் காட்டும். கைப்பேசியை இருக்கைத் தண்டவாளத்திலோ நடுப்பெட்டியிலோ அசையாமல் வைத்து, அதில் முடுக்கத்தின் அலைவரிசையைக் காட்டும் சோதனையைத் திறங்கள். எந்த எண்ணில் சிகரம் எழுகிறது என்று பாருங்கள்.

750 ஆர்பிஎம்மில் ஓடும் நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கு:

• 25 ஹெர்ட்ஸில் சிகரம்: வெடிப்பின் இயல்பான துடிப்பு. அளவு அதிகமாக இருந்தால் மவுண்டிங்கையோ எங்காவது உரசுவதையோ பார்க்க வேண்டும்.
• 12.5 ஹெர்ட்ஸில் சிகரம்: சுற்றுக்கு ஒருமுறை. சுற்றும் பாகம் ஒன்றில் எடைச் சமன் இல்லை என்ற சந்தேகம்.
• 6.25 ஹெர்ட்ஸில் சிகரம்: இரண்டு சுற்றுக்கு ஒருமுறை. ஒரே ஒரு சிலிண்டர் மற்றவைபோல் வேலை செய்யவில்லை என்ற சந்தேகம்.

உங்கள் ஆர்பிஎம் வேறாக இருந்தால் அதை 60-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். வருவது சுற்று. அதன் இரு மடங்கு வெடிப்பு. பாதி, ஒற்றைச் சிலிண்டர். 800 என்றால் 13.3, 26.7, 6.7. ஆறு சிலிண்டர் இன்ஜினாக இருந்தால் வெடிப்பு சுற்றுக்கு மூன்று. அதனால்தான் அவை ஐடிலில் மிருதுவாகத் தெரிகின்றன.

இது தீர்ப்பு அல்ல, துப்பு. தீர்ப்பு சொல்ல சர்வீஸ் சென்டரின் ஸ்கேன் கருவி இருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் கணினி எவ்வளவு எரிபொருளைக் கூட்டியோ குறைத்தோ சமன் செய்கிறது என்பதை அது எண்ணாகக் காட்டும். ஒன்று மட்டும் தனித்து நின்றால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். "எரர் கோட் எதுவும் இல்லை" என்பதோடு விடாமல், "சிலிண்டர் வாரியான திருத்த எண்களையும் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

சர்வீஸ் சென்டரில் என்ன கேட்பது?

"வண்டி ஆடுது" என்று மட்டும் சொன்னால் அது மனக்குறைபோல் கேட்கும். "இன்ஜின் சூடான பிறகு, டி-யில், ஏர்கோன் போட்டு, 720 ஆர்பிஎம்மில் ஸ்டியரிங் நடுங்குகிறது, என்-இல் நின்றுவிடுகிறது" என்று சொன்னால் அது புகார்.

ஜாப் ஷீட்டில் உங்கள் வார்த்தையிலேயே புகாரை எழுதச் சொல்லுங்கள். தேதியும் கிலோமீட்டரும் அதில் இருக்க வேண்டும். "சோதித்தோம், இயல்பு" என்று அவர்கள் முடிவு செய்தாலும் அந்த முடிவையும் எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு வருகைக்கும் ஒரு தாள்.

அடுத்து, ஒப்பீடு கேளுங்கள். அதே மாடல், அதே இன்ஜின், அதே ஆண்டு வண்டி ஒன்றில், ஷோரூம் டெமோ வண்டியாக இருந்தாலும் பரவாயில்லை, உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமைக்கு உட்பட்டதே. கைப்பேசியை அங்கேயும் வைத்து அளந்துகொள்ளுங்கள். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் உங்கள் மனமும் அடங்கும். வித்தியாசம் இருந்தால் அதுதான் உங்கள் கையில் இருக்கும் மிக வலுவான ஆதாரம். தயாரிப்பாளர் இந்த மாடலுக்குச் சேவைச் சுற்றறிக்கை ஏதும் அனுப்பியிருக்கிறாரா, புது மென்பொருள் உண்டா என்றும் கேளுங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். வெளிப் பட்டறையில் மவுண்டிங்கை மாற்றுவதோ, கணினியை ரீமேப் செய்வதோ வேண்டாம். அதிர்வு போகலாம், அதோடு உத்தரவாதமும் போகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் பழுதான கார்களுக்கென்று தனியாக 'லெமன்' சட்டம் இல்லை. ஆனால் கையில் ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. பாதுகாப்பு, நீடித்த உழைப்பு, சிறு குறைகள்கூட இல்லாமை ஆகியவை அந்தத் தரத்துக்குள் வரும். பொருளின் தன்மையும் விலையும் கணக்கில் எடுக்கப்படும். சரிசெய்யக்கூடிய குறை என்றால் விற்றவர் நியாயமான காலத்துக்குள் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டாலோ, குறை பெரியதாக இருந்தாலோ பொருளை நிராகரிக்கும் உரிமையும் உண்டு. ஆனால் அந்த உரிமையை நியாயமான காலத்துக்குள் பயன்படுத்த வேண்டும். முதல் மாதத்துப் புகார்த் தாள் ஏன் முக்கியம் என்பது இப்போது புரியும்.

பேச்சுவார்த்தை பலிக்காவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். பொதுவாக வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேசலாம். கோரிக்கைக்கான காரணம் எழுந்ததிலிருந்து 3 ஆண்டுக்குள் பதிய வேண்டும். பழுது பார்ப்பு, இழப்பீடு போன்றவை இந்த வரம்புக்குள் அடங்கும். வண்டியின் முழு விலையையும் திரும்பக் கேட்பது பெரும்பாலும் அடங்காது. அதற்கு சிவில் நீதிமன்றம்தான்.

இரண்டு எச்சரிக்கைகள். வண்டியைக் கம்பெனி பெயரில் தொழிலுக்காக வாங்கியிருந்தால், இந்தச் சட்டத்தின் கீழ் நீங்கள் பயனீட்டாளரா என்ற கேள்வி எழலாம். முன்கூட்டியே ஆலோசனை கேளுங்கள். இரண்டாவது, கோபத்தில் மாதத் தவணையை நிறுத்தாதீர்கள். டீலரோடு உங்களுக்கு இருக்கும் தகராறு வேறு, வங்கியோடு இருக்கும் ஒப்பந்தம் வேறு. தவணை தவறினால் வண்டியும் போகும், கடன் பதிவும் கெடும்.

சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் லெமன் சட்டம் நடப்பில் உள்ளது. பொருளைப் பெற்ற 6 மாதத்துக்குள் தெரியும் குறை, கொடுக்கும்போதே இருந்த குறை என்று கருதப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவர். அங்கே சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தின் வரம்பு 20,000 வெள்ளி. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000. ஆனால் இது பயனீட்டாளர்களுக்கான பாதுகாப்பு. பிக்கப்பைத் தொழில் நிறுவனத்தின் பெயரில் வாங்குவோர் அதை மனத்தில் வைக்க வேண்டும்.

வாங்கும் முன்னே பார்த்துவிடுங்கள்

இன்னும் முன்பணம் கட்டாதவர்களுக்கு வேலை எளிது. டெஸ்ட் டிரைவ் என்றால் பலரும் இழுவையையும் வளைவையும்தான் பார்க்கிறார்கள். திரும்பி வந்த பிறகு, இன்ஜின் சூடாக இருக்கும்போது, ரேடியோவை அணைத்து, ஏர்கோனைப் போட்டு, டி-யில் பிரேக்கை மிதித்து இரண்டு நிமிடம் சும்மா உட்காருங்கள். ஸ்டியரிங்கை லேசாகப் பிடியுங்கள். தலையை இருக்கையில் சாய்த்துப் பாருங்கள். கோலாலம்பூர் நெரிசலில் அந்த வண்டியோடு நீங்கள் கழிக்கப்போகும் நேரத்தில் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கும்.

அந்த இரண்டு நிமிடம் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால், அது கோளாறாக இல்லாவிட்டாலும், உங்களுக்கான வண்டி அதுவல்ல. வேறு இன்ஜின் கொண்ட மாடலைப் பாருங்கள். ஒத்துவந்தால், அந்த நடுக்கத்தையும் கைப்பேசியில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எப்போதாவது "இது முன்னேயும் இப்படித்தான் இருந்ததா?" என்ற சந்தேகம் வந்தால், பதில் உங்களிடமே இருக்கும்.